பாட்டைப் பிடிக்கும், பாடுகிறவரை?

"இசைக்குச் சாதி கிடையாது, மதம் கிடையாது, மொழி கிடையாது." சேலத்தைச் சுற்றி எந்த ஊர் மாரியம்மன் பண்டிகைக்குப் போனாலும், கச்சேரி தொடங்கும் முன் விழாக் கமிட்டியில் ஒருவர் மைக்கைப் பிடித்து இதைச் சொல்லாமல் இறங்க மாட்டார். கூட்டமும் கைதட்டும். மெல்லிசைக் குழுவில் பல வருஷம் கீபோர்டு வாசித்தவன் என்பதால் ஓமலூர்ப் பக்கம், ஆத்தூர்ப் பக்கம், வாழப்பாடி, மேச்சேரி என்று எல்லாத் திசையிலும் இதைக் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் மனசார நம்பித்தான் சொல்கிறார்கள். ஆனால் மனசில் ஊறிப்போன சாதியையோ இனவெறுப்பையோ பாட்டு தானாகவே கரைத்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. கரைவதும் உண்டு, கண்ணால் பார்த்திருக்கிறேன். எப்போது கரைகிறது, எப்போது அப்படியே நிற்கிறது என்பதுதான் ரொம்ப நாளாக என்னைப் போட்டு அரிக்கிற கேள்வி.

எங்கள் குழுவில் ஒரு பாடகர் இருந்தார். எஸ்.பி.பி. பாட்டு என்றால் அவர்தான். அவர் பாடுகிறார் என்று தெரிந்தால் பக்கத்து ஊரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு ஆடி மாசம், ஆத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். பகலில் கூழ் ஊற்றி முடித்து, இரவு எங்கள் கச்சேரி. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் துண்டுச் சீட்டு எழுதி எழுதி மேடைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பழைய பாட்டு. கேட்டதையெல்லாம் எங்கள் ஆள் பாடினார். ஒரு பாட்டு முடிந்ததும் பெரியவரே படியேறி மேடைக்கு வந்துவிட்டார். மடியிலிருந்து நூறு ரூபாய் நோட்டை எடுத்து, ஊக்கு வைத்து, தன் கையாலேயே பாடகரின் சட்டையில் குத்தினார். கண் கலங்கியிருந்தது. "எங்கப்பன் போன அன்னிக்கு டீக்கடை ரேடியோவுல இந்தப் பாட்டுதான் தம்பி ஓடுச்சு" என்று மைக்கிலேயே சொன்னார்.

கச்சேரி முடிந்து மைக் செட்காரர்கள் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோது எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அந்தப் பெரியவர் வீட்டுத் திண்ணையிலேயே இலை போட்டிருந்தது. உட்காரப் போகும் நேரத்தில் பெரியவர் பேச்சுக் கொடுத்தார். "தம்பிக்கு எந்த ஊரு?" பாடகர் சொன்னார். "அங்க எந்தப் பக்கம்?" அதையும் சொன்னார். "கோயிலுக்கு அந்தாண்டயா, இந்தாண்டயா?" இந்தக் கேள்விகள் எங்கே போய் முடியும் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெரியவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. உள்ளே போனார், திரும்பி வந்தார். "நேரமாயிருச்சுங்க. எல்லாத்துக்கும் பார்சலாக் கட்டிக் குடுத்துடச் சொல்லியிருக்கறன். வண்டியில வெச்சு சாப்பிட்டுக்குங்க" என்றார். போட்ட இலைகளை ஒரு பையன் வந்து சுருட்டி எடுத்துக்கொண்டு போனான்.

வேனில் ஏறியதும் பாடகர் சட்டையிலிருந்த ஊக்கைக் கழற்றினார். அந்த நூறு ரூபாயை டிரைவரிடம் டீச் செலவுக்குக் கொடுத்துவிட்டார். பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை.

இந்தப் பெரியவரைக் கெட்டவர் என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிட்டால் நமக்கு வேலை சுலபம். ஆனால் அவர் கண்ணில் வந்த தண்ணீர் உண்மை. சுருட்டி எடுக்கப்பட்ட இலையும் உண்மை. இரண்டும் ஒரே மனுஷனிடமிருந்து, ஒரே ராத்திரியில், ஒரு மணி நேர இடைவெளியில் வந்தன. பாட்டு அவரைத் தொட்டது. தொட்டு என்ன ஆயிற்று?

இதே கேள்வியை வேறொரு நாட்டில், வேறொரு நிறத்தில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1931 அக்டோபர். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரம். அங்கே டிரிஸ்கில் ஹோட்டலில் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் டிரம்பெட் வாசிக்கிறார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பள்ளியில் படிக்க முடியாது, ஒரே பெஞ்சில் உட்கார முடியாது என்று சட்டமே இருந்த காலம். சார்லஸ் பிளாக் என்ற பதினாறு வயது வெள்ளைக்காரப் பையன் கல்லூரியில் சேர்ந்த புதிதில் அந்த நிகழ்ச்சிக்குப் போகிறான். ஆம்ஸ்ட்ராங் யாரென்றே அவனுக்குத் தெரியாது. கேட்டவன் அப்படியே நின்றுவிட்டான். அதுவரை கறுப்பர்களை வேலைக்காரர்களாக மட்டுமே பார்த்து வளர்ந்தவன், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கறுப்பரிடம் மேதைமையைப் பார்த்தேன் என்று பிற்காலத்தில் எழுதினார். அவர் வழக்கறிஞராகி, சட்டப் பேராசிரியராகி, பள்ளிகளில் நிறப் பாகுபாடு சட்டவிரோதம் என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிரௌன் வழக்கில் கறுப்பர்கள் தரப்புக்காக உழைத்த குழுவில் ஒருவராக இருந்தார்.

இதை "இசை உலகையே மாற்றும்" என்று மேடையில் சொல்ல வசதியாக இருக்கும். ஆனால் அவரே எழுதிய இன்னொரு விவரத்தை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அன்றைக்கு அவர் பக்கத்தில் அதே ஊர்ப் பையன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அவனும் கேட்டான். அவனையும் அந்த டிரம்பெட் ஆட்டி வைத்தது. பிறகு தலையை ஓர் உதறு உதறிவிட்டு, என்ன இருந்தாலும் இவன் கறுப்பன்தானே என்கிற மாதிரி ஒரு வசவைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டான். ஒரே கூடம், ஒரே டிரம்பெட், ஒரே இரவு. ஒருவன் மாறினான், இன்னொருவன் தலையை உதறிக்கொண்டான். ஆத்தூர்ப் பெரியவர் திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே போய் வந்தாரே, அதுவும் அந்த உதறல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இசை நேசம் வேறு, மனித நேசம் வேறு என்பதற்கு எரிக் கிளாப்டனைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். கறுப்பர்களின் புளூஸ் இசையைக் கேட்டு, அதையே வாசித்துப் பெயர் வாங்கிய ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர். 1974இல் ஜமைக்காவின் பாப் மார்லி எழுதிய பாட்டை எடுத்துப் பாடி, அமெரிக்காவில் முதலிடம் பிடித்தார். இரண்டே வருஷத்தில், 1976 ஆகஸ்டில், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மேடையில் நின்றுகொண்டு வெளிநாட்டிலிருந்து வந்தவர்களையெல்லாம் நாட்டைவிட்டு அனுப்ப வேண்டும் என்று இனவெறிப் பேச்சுப் பேசினார். கறுப்பர் இசையில் பிழைத்துக்கொண்டே இதைப் பேசலாமா என்று கொதித்த இசை ரசிகர்கள் அந்த வருஷமே இனவெறிக்கு எதிரான ராக் இயக்கத்தைத் தொடங்கினார்கள். 1978 ஏப்ரலில் லண்டனில் அவர்கள் நடத்திய ஊர்வலத்துக்கும் கச்சேரிக்கும் பல பத்தாயிரம் பேர் திரண்டார்கள். பிற்காலத்தில் கிளாப்டன் அந்தப் பேச்சுக்காக வெட்கப்படுவதாகச் சொன்னார். அந்த விரல்கள் அவ்வளவு காலம் வாசித்த புளூஸ், அந்த வாயை அன்றைக்குத் தடுக்கவில்லை.

நம் ஊரில் நந்தனார் கதை இருக்கிறதே. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி பாடிய கீர்த்தனைகளைக் கேட்டு அக்ரகாரங்களும் ஜமீன் மாளிகைகளும் கண்ணீர் விட்டன. சிதம்பரத்துக்கு வரலாமா என்று நந்தன் தயங்கித் தயங்கிக் கேட்கும் இடத்தில் சபையே உருகும். அப்படி உருகிய சபைகள் வீட்டுக்குப் போய், நந்தனின் வாரிசுகளைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தன. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் அவர்களை அழைத்துக்கொண்டு நுழைந்த நாள் 1939 ஜூலை 8. கீர்த்தனை பிறந்து ஏறக்குறைய எண்பது வருஷம் கழித்து. அத்தனை வருஷமும் மக்கள் அழுதுகொண்டுதான் இருந்தார்கள். கதவைத் திறந்தது அழுகை அல்ல, போராட்டமும் சட்டமும்.

பாட்டு சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. வெறுப்பை ஊட்டவும் அதற்குத் தெரியும். அமெரிக்காவில் நிறப் பாகுபாட்டுச் சட்டங்களுக்கு மக்கள் வைத்த பெயர் 'ஜிம் குரோ'. அது 1830 வாக்கில் ஒரு வெள்ளைக்கார நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பரைக் கேலி செய்து ஆடிப் பாடிய பாட்டிலிருந்து வந்தது. கறுப்பர் என்றால் சோம்பேறி, கோமாளி என்ற எண்ணத்தை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது அந்த வகைப் பாட்டுக் கச்சேரிதான். ருவாண்டாவில் 1994 இனப்படுகொலை நாட்களில், அங்கேயிருந்த ஆர்.டி.எல்.எம். வானொலி சைமன் பிக்கிண்டி என்ற பிரபலப் பாடகரின் பாட்டுகளை ஒலிபரப்பிக்கொண்டே இருந்தது. ஐ.நா. தீர்ப்பாயம் 2008இல் அவருக்குப் பதினைந்து ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. தண்டனை பாட்டுக்காக அல்ல, வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு சாலையில் கொலைக்குத் தூண்டிப் பேசியதற்காக. ஆனால் அந்தப் பேச்சு ஏற ஒரு மேடையைப் பாட்டு முன்பே போட்டு வைத்திருந்தது.

இதைப் படித்துவிட்டு எங்கோ ஆப்பிரிக்கா என்று நினைக்க வேண்டாம். சேலம் பக்கம் பண்டிகை நாளில் சரக்கு வேனில் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் கட்டி, சொந்தச் சாதிப் பெருமைப் பாட்டைப் போட்டுக்கொண்டு இளைஞர்கள் ஆடுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? மற்றவர்கள் தெருவுக்குள் வண்டி நுழையும்போது மட்டும் சத்தம் கூடும். உயர் நீதிமன்றம் கோயில் திருவிழா ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கொடுக்கும்போதெல்லாம், எந்தச் சாதியையும் மதத்தையும் கட்சியையும் குறிக்கும் பாட்டு கூடாது என்று நிபந்தனை போடுகிறது. எங்கள் குழு எழுதிக் கொடுத்த உறுதிமொழிகளிலும் அந்த வரி உண்டு. பாட்டு அரிவாள் தூக்க வைக்கும் என்று நீதிமன்றத்துக்கே தெரிந்திருக்கிறது.

2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை நேராகவே சோதித்துப் பார்த்தது. வெள்ளைக்கார மாணவர்களை ஓர் அறையில் காத்திருக்க வைத்து, பின்னணியில் பாட்டை ஓட விட்டார்கள். பிறகு, பல்வேறு இன மாணவர் அமைப்புகளுக்கு நிதியைப் பங்கிட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். வெள்ளையர் ஆதிக்கத்தைப் பாடும் ராக் இசை ஓடிய அறையிலிருந்து வந்தவர்கள் வெள்ளையர் அமைப்புக்குக் கூடுதலாக ஒதுக்கினார்கள். எல்லாரும் கேட்கும் சாதாரண பாப் பாட்டு ஓடிய அறையில் இருந்தவர்கள் ஏறக்குறையச் சமமாகப் பிரித்தார்கள். சில நிமிஷம் காதில் விழுந்ததற்கே இந்தக் கதி.

சரி, கரைவது எப்போது?

அம்மாபேட்டையில் ஒரு வீட்டு மாடியில் சின்னதாக இசை வகுப்பு நடத்துகிறேன். கீபோர்டு, கிட்டார், கொஞ்சம் பாட்டு. சில வருஷங்களுக்கு முன்னால் பறை வகுப்பும் சேர்த்தேன். கற்றுக்கொடுப்பவர், காலங்காலமாகச் சாவுக்கும் சாமிக்கும் அடித்த குடும்பத்தில் வந்தவர். நானும் அவரும் ஒரே பண்டிகையில் வாசித்திருக்கிறோம். நான் மேடையில், அவர் ஊர்வலத்துக்கு முன்னால் தெருவில். எங்களுக்குப் பேசிய தொகையில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களுக்கு இருக்காது. அதிலும் பாதியைப் பண்டிகை முடிந்து நாலு முறை நடந்து வாங்க வேண்டும். அவர்கள் அடி இல்லாமல் சாமி கிளம்பாது. அடித்து முடித்ததும் அவர்கள் நிற்க வேண்டிய இடம் கோயிலுக்கு எவ்வளவு தூரத்தில் என்பது எல்லாருக்கும் தெரியும்.

மொட்டை மாடியில் அவர் பறை காய்ச்சுவதைப் பார்க்கவே பிள்ளைகள் சீக்கிரம் வந்துவிடுவார்கள். வைக்கோலுக்கு எங்கே போவது, பழைய பேப்பரைத்தான் கொளுத்துவார். தோலை அனலுக்கு நேராகப் பிடித்து, மெல்லத் திருப்பிக்கொண்டே இருப்பார். நடு நடுவே விரலால் சுண்டுவார். முதலில் தொப் தொப்பென்று மந்தமாக வரும். சூடு ஏற ஏறத் தோல் இறுகும், சத்தம் கணீரென்று மேலே ஏறும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவர் காதுக்குத்தான் தெரியும். கொஞ்சம் விட்டால் தோல் பொரிந்துவிடும். இடது கையில் நீளமான, மெல்லிய சிம்புக்குச்சி. வலது கையில் குட்டையான அடிக்குச்சி. இரண்டு குச்சியும் இரண்டு வேலை செய்ய, நடை மட்டும் ஒன்றாக ஓட வேண்டும். கூடவே காலும் ஆட வேண்டும். எனக்குத் தாளம் தெரியும் என்ற நினைப்பில் இருப்பவர்களை அந்தக் கருவி அரை மணி நேரத்தில் உட்கார வைத்துவிடும்.

வகுப்பில் ஒரு பெண், கல்லூரிப் பிள்ளை. பறையை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பயிற்சி செய்ய ஆசை. பாட்டி வாசலிலேயே நிறுத்திவிட்டார். "சாவு மேளத்தை ஊட்டுக்குள்ள கொண்டாராத." பல மாசம் அந்தப் பறை என் வகுப்பில்தான் தொங்கியது. பறை சேர்த்த மாசமே இரண்டு பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். காரணம் கேட்டதற்குப் படிப்புச் சுமை என்றார்கள். பாட்டி இன்றுவரை மாறவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மாறியது அந்தப் பெண்ணின் அப்பா. முதல் முறை மகளைக் கொண்டுவந்து விட வந்தபோது, மாடிப் படியில் நின்றிருந்த எங்கள் ஆசிரியரைப் பார்த்து "ஏம்ப்பா, சார் இருக்காரா?" என்று என்னைப் பற்றி விசாரித்தார். ஆசிரியருக்கு இவர் வயதுக்குப் பத்து வருஷம் கூட இருக்கும். மகள் பக்கத்திலிருந்து, "அப்பா, இவர்தான் எங்க மாஸ்டர்" என்றாள். இப்போது அவர் போனில் என்னிடம், "மாஸ்டர் வந்துட்டாருங்களா? அவருகிட்ட ஒரு வார்த்தை பேசணும்" என்கிறார். மகளுக்கு அந்த மூன்றாம் நடை ஏன் கையில் வரவில்லை என்று அவரிடம்தான் கேட்டாக வேண்டும். என்னால் சொல்ல முடியாது.

ஊர்வலத்தில் அதே பறையை அந்த அப்பா ஆயிரம் தடவை கேட்டிருப்பார். ஆடியும் இருப்பார். கேட்டபோது, காசு கொடுத்தவர் அவர், அடித்தவர் ஆள். கற்றுக்கொள்ள வந்தபோது இருந்த இடம் மாறிவிட்டது. மகளுக்கு வேண்டிய ஒன்று அந்த மனிதரின் கையில் இருக்கிறது, அதைப் பணத்தால் மட்டும் வாங்க முடியாது, பணிவும் பொறுமையும் வேண்டும். ஆஸ்டின் பையன் சார்லஸ் பிளாக் அன்றைக்கு அண்ணாந்து பார்த்தான், அவன் பக்கத்தில் நின்றவனால் அது முடியவில்லை. கேட்பவராக மட்டும் இருக்கும்வரை நாம் அண்ணாந்து பார்க்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சீட்டு எழுதி அனுப்பலாம், நோட்டுக் குத்தலாம், எழுந்து போகலாம்.

வெறும் கேட்டலின் அளவு எவ்வளவு என்பதற்கும் ஓர் ஆய்வு உண்டு. 2017இல் வெளிவந்தது. சிலருக்கு இந்தியப் பாட்டு, சிலருக்கு மேற்கு ஆப்பிரிக்கப் பாட்டு. கேட்ட பிறகு அந்தந்த இனத்தார் மேல் உள்ளுக்குள் ஓர் ஒட்டுதல் வந்திருக்கிறதா என்று சோதித்தார்கள். வந்திருந்தது. ஆனால் இயல்பிலேயே பிறர் உணர்வைப் புரிந்துகொள்ளும் குணம் அதிகம் உள்ளவர்களிடம்தான். ஏற்கெனவே திறந்திருந்த மனசை இன்னும் கொஞ்சம் திறந்தது, அவ்வளவுதான். இதற்கு நேர்மாறாக, போர்ச்சுகலில் பள்ளிப் பிள்ளைகளிடம் ஃபெலிக்ஸ் நெட்டோவும் அவருடைய குழுவும் செய்தது வேறு வேலை. வகுப்பில் போர்த்துக்கீசியப் பாட்டோடு, ஒரு காலத்தில் அவர்கள் ஆண்ட கேப் வெர்டே தீவுகளின் பாட்டையும் சேர்த்து மாதக்கணக்கில் கற்றுக்கொடுத்தார்கள். கறுத்த தோல் மேல் இருந்த வெறுப்பு அந்தப் பிள்ளைகளிடம் குறைந்தது. வழக்கமான இசைப் பாடம் மட்டும் படித்த பிள்ளைகளிடம் குறையவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் குறைந்தது குறைந்தபடியே இருந்தது. மாதக்கணக்கில், வாயால் பாடி, தப்பு விட்டு, திருத்தி. அதுதான் விஷயம் என்று நினைக்கிறேன்.

இதை நான் பறைக்குப் பிறகு இன்னொரு முறையும் பார்த்தேன். செவ்வாய்பேட்டை வெள்ளிப் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் மேற்கு வங்காளத்துக்காரர் தன் மகனைக் கீபோர்டு வகுப்பில் சேர்த்தார். பையன் இங்கேயே பள்ளியில் படிக்கிறான், தமிழ் நன்றாகவே பேசுவான். இருந்தாலும் 'ழ' சரியாக வராது. மற்ற பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "வாழைப்பழம் சொல்லு, வாழைப்பழம் சொல்லு" என்று வகுப்பு முடியும்வரை ஓயாது. அவர்களுக்கு அது விளையாட்டு. 2023 மார்ச்சில், வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியதே, அந்த வாரம் அந்தப் பையன் வகுப்புக்கு வரவில்லை. அவன் அப்பா பட்டறையை விட்டு வெளியே வரவே பயந்தார். வீடியோ பொய்தான். ஆனால் அது பொய் என்று அவர்கள் உடனே நம்ப முடியாத அளவுக்கு நாம் அவர்களை ரயிலிலும் கடையிலும் நடத்தி வைத்திருந்தோம் என்பது பொய் இல்லை.

பையன் திரும்பி வந்ததும், உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று எல்லாருக்கும் சொல்லிக்கொடேன் என்றேன். அவன் அம்மாவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் அந்த அம்மா பாடியது படகோட்டிகளின் பாட்டு, பாட்டியாலி என்பார்கள். ஆற்றின் நீரோட்டத்தோடு போகும்போது துடுப்புப் போட வேலை இல்லாததால், சுரத்தை நீட்டி நீட்டிப் பாடும் பாட்டு. ஒரு பிள்ளை, "மாஸ்டர், இது நம்ம தெம்மாங்கு மாதிரியே இழுக்குது" என்றது. அடுத்த நாலைந்து வகுப்பு முழுக்க எங்கள் பிள்ளைகள் வங்காளி வார்த்தைகளோடு மல்லுக்கட்டினார்கள். வாய் வட்டமாகக் குவிந்து சொல்ல வேண்டிய 'ஓ' ஓசை அவர்களுக்கு வரவேயில்லை. பையன் ஒவ்வொருத்தராகத் திருத்தினான். "அப்படி இல்லடா, வாயை இப்படி வெய்யி." பொறுமையாகச் சொன்னான், யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. வாழைப்பழம் அதற்குப் பிறகு எங்கள் மாடியில் கேட்கவில்லை. ஒரு அம்மா மட்டும், "வடக்கத்திப் பாட்டெல்லாம் எதுக்குங்க சார், நம்ம பாட்டு இல்லியா?" என்று கேட்டார். நம்ம பாட்டும் இருக்கிறது, இதுவும் இருக்கட்டுமே அக்கா என்றேன். ஆண்டு விழாவில் தன் மகன் அதைப் பாடியபோது முதல் வரிசையில் உட்கார்ந்து போனில் படம் பிடித்தவரும் அவரே.

இதற்கு எதிர் உதாரணம் ஏற்காடு. மே மாசக் கோடை விழாவில் மலர்க் கண்காட்சி, நாய்க் கண்காட்சி, படகுப் போட்டியோடு மேடையில் கலை நிகழ்ச்சியும் உண்டு. மலைவாழ் மக்களின் மேளமும் ஆட்டமும் அதில் ஒரு கட்டம். கீழேயிருந்து வந்தவர்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பார்கள், போனில் எடுப்பார்கள். இறங்கி வரும் வழியில், கொண்டை ஊசி வளைவில் மிளகும் காப்பிக்கொட்டையும் விற்கும் அதே மக்களிடம் "ஏய், என்ன விலை?" என்பார்கள். பத்து நிமிஷக் காட்சிப் பொருளாக மேடையில் ஏற்றி இறக்கினால் அவ்வளவுதான் நடக்கும். அதே மேளத்தை சேலத்துப் பிள்ளைகள் மலைக்குப் போய் ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து படித்தால் என்ன ஆகும் என்று யாராவது செய்து பார்க்க வேண்டும். சேர்வராயன் கோயில் பண்டிகையும் அதே மே மாசம்தான்.

கற்றுக்கொள்வது ஒரு வழி. சேர்ந்து வாசிப்பது இன்னொன்று. அதற்கும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும். 1936இல் பென்னி குட்மேன் என்ற வெள்ளைக்கார கிளாரினெட் கலைஞர் டெடி வில்சன், லயனல் ஹாம்ப்டன் என்ற இரண்டு கறுப்பின வித்வான்களைத் தன்னோடு மேடையேற்றினார். அப்போதும் முதலில் பெரிய வாத்தியக் குழுவுக்கு நடுவில் சேர்க்காமல், தனி நிகழ்ச்சி என்ற பேரில்தான் ஏற்ற முடிந்தது. டேவ் புரூபெக் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். அவருடைய நால்வர் ஜாஸ் குழுவை அமெரிக்க அரசே 1958இல் இந்தியாவுக்கு அனுப்பியது. சென்னைக்கும் வந்தார்கள். அந்த நால்வரில் பேஸ் வாசித்த யூஜின் ரைட் கறுப்பர். எங்கள் நாட்டில் நிற வேற்றுமை இல்லை பாருங்கள் என்று உலகத்துக்குக் காட்ட அந்தக் குழு அரசுக்குத் தேவைப்பட்டது. ஊர் திரும்பி, 1960இல் தென் மாநிலக் கல்லூரிகளில் கச்சேரி ஏற்பாடானபோது, கறுப்பரை மாற்றிவிட்டு வாருங்கள் என்றார்கள். புரூபெக் மறுத்தார். பேசியிருந்த கச்சேரிகளில் பெரும்பாலானவை ரத்தாயின. அந்தப் பணத்தை அவர் இழந்தார். நான்கு வருஷம் கழித்து ஃபுளோரிடாவில் ஜாக்சன்வில் ஊரில், கறுப்பரைத் தனியாக உட்கார வைத்தால் வாசிக்க மாட்டோம் என்று பீட்டில்ஸ் குழு சொன்னது. 1964 செப்டம்பர் 11 அன்று எல்லாரும் கலந்து உட்கார்ந்துதான் கேட்டார்கள்.

இந்த இரண்டிலும் வேலை செய்தது ராகமோ தாளமோ இல்லை. வாசிக்கிறவன் வாசிக்க மாட்டேன் என்று சொன்னதுதான். ஊருக்கு நம் பாட்டு வேண்டும். வேண்டும் என்பதால் நம் கையில் ஒரு சின்னப் பிடி இருக்கிறது. அதைக் கச்சேரிக்கு முன்னால் பயன்படுத்தினால் உண்டு, பின்னால் வேனில் உட்கார்ந்து நொந்துகொண்டு பயனில்லை.

"நீங்க கலைஞருங்க, வாசிச்சுட்டுப் போங்க, ஊர் வழக்கத்துல எதுக்குத் தலையிடறீங்க?" என்று என்னிடம் கேட்ட கமிட்டித் தலைவர்கள் உண்டு. ஊர் வழக்கம் எங்கள் பாடகர் இலையில் தலையிட்டதே, அதற்கு என்ன பதில் என்று கேட்டேன். என் மாணவர்கள் வாசிக்கும் குழுவுக்கு அட்வான்ஸ் வாங்கும் முன், இப்போது மூன்று விஷயம் பேசிவிடுகிறேன். பறைக் குழுவும் மேடையில்தான் வாசிக்கும். அவர்களுக்கும் மேடைக் கலைஞர்களுக்கு உண்டான தொகை, அன்றைக்கே. சாப்பாடு எல்லாருக்கும் ஒரே பந்தி, பார்சல் கிடையாது. இதை வாய்ப்பேச்சாக இல்லாமல், மைக் செட் வாடகையும் கச்சேரி நேரமும் எழுதும் அதே தாளில் எழுதி வாங்குகிறேன்.

இந்த ஆடிக்கு மூன்று ஊரில் பேச்சு நடந்தது. ஒரு ஊரில் தாளைப் படித்துவிட்டு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். இன்னொரு ஊரில் பெரியவர்கள் இழுத்தார்கள், இளைஞர் மன்றத்துப் பையன்கள் அவர்களோடு ராத்திரி பத்து மணிவரை பேசி ஒப்புக்கொள்ள வைத்தார்கள். மூன்றாவது ஊர்க்காரர் இரண்டு நிபந்தனைக்குச் சரி என்றார். பந்தி விஷயத்தை மட்டும் வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன் என்று போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை வரை தேதியைப் பிடித்து வைத்திருப்பதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன்.